எரிந்த மிம்பரும் எரியாத நிய்யத்தும்

புகழனைத்தும் வல்ல அல்லாஹ்வுக்கே உரியன. அவனுடைய தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் என்றென்றும் உண்டாவனவாக!



வெள்ளிக்கிழமைதோறும் பாங்கு ஒலித்ததும் கதீப் மிம்பரில் ஏறுகிறார். நாம் குத்பாவுக்குச் செவிசாய்க்கிறோம். அவர் ஏறி நிற்கும் மிம்பரை நம்மில் எவரும் உற்று நோக்குவதில்லை. குத்பாவின்போது கவனம் சொல்லின் மீதே இருக்க வேண்டும் என்பதால் அதில் குறையேதும் இல்லை. ஆயினும் சில மிம்பர்கள் தம்மளவிலேயே ஒரு குத்பாவாக நின்றவை. அவற்றுள் ஒன்றின் வரலாற்றை இந்த இதழில் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். ஹலப் நகரில் உருவாகி, பைத்துல் முகத்தஸில் 782 ஆண்டுகள் நின்று, ஒரு காலைப் பொழுதில் தீக்கிரையான மிம்பர் அது.

மூன்று படிகளில் தொடங்கிய மரபு

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் தொடக்கத்தில் ஒரு பேரீச்ச மரத்தண்டின் அருகில் நின்றே குத்பா நிகழ்த்தினார்கள். மக்கள் தொகை பெருகியபோது, அன்ஸாரிப் பெண்மணி ஒருவரின் தச்சுத் தொழில் அறிந்த பணியாளர், ‘அல்ஃகாபா’ என்னும் பகுதியில் வெட்டிய மரத்தால் மூன்று படிகள் கொண்ட ஒரு மிம்பரைச் செய்து கொடுத்தார். நபியவர்கள் புதிய மிம்பரில் ஏறியதும் அந்தப் பழைய மரத்தண்டு சூல்கொண்ட ஒட்டகம்போல் ஓலமிட்டதையும், அண்ணலார் இறங்கி வந்து அதைத் தடவி அமைதிப்படுத்தியதையும் ஹதீஸ் நூல்களில் நாம் படித்திருக்கிறோம்.

அந்த எளிய மூன்று படிகளின் வழியில்தான் உலகெங்கும் மிம்பர்கள் எழுந்தன. துனீசியாவின் கைரவான் பெரிய பள்ளிவாசலில் ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில், கி.பி. 862 அளவில் அமைக்கப்பட்ட மிம்பர் இன்றும் நிற்கிறது. இன்று எஞ்சியுள்ளவற்றுள் மிகப் பழையது அதுவே. நம் இந்திய மண்ணின் தேக்கு மரம் அதில் பயன்பட்டிருப்பதாக ஆய்வாளர்கள் கூறுகின்றனர். கடல் கடந்து சென்ற ஒரு மரம், ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அல்லாஹ்வின் வார்த்தையைச் சுமந்து நிற்பது எத்தகைய பேறு!

இந்த வரிசையில்தான் சுல்தான் நூருத்தீன் மஹ்மூத் ஜங்கி (ரஹ்) அவர்களின் மிம்பர் வருகிறது.

கைவசம் இல்லாத பள்ளிக்கு ஒரு மிம்பர்

கி.பி. 1099 ஜூலை 15-ஆம் நாள் சிலுவைப் படையினர் பைத்துல் முகத்தஸைக் கைப்பற்றினர். மஸ்ஜிதுல் அக்ஸாவில் தஞ்சம் புகுந்தோர் உட்பட ஏராளமான மக்கள் கொல்லப்பட்டனர். தொழுகை நின்றது. அக்ஸா முதலில் அவர்களுடைய மன்னரின் அரண்மனையாயிற்று. பின்னர் ‘டெம்ப்ளர்கள்’ எனப்பட்ட வீரத் துறவியரின் தலைமையகமாயிற்று.

ஆண்டுகள் உருண்டோடின. அக்ஸாவில் தொழுதவர்கள் ஒவ்வொருவராக மண்ணறைக்குச் சென்றனர். அந்தப் பள்ளியைக் கண்ணாலும் கண்டிராத தலைமுறை ஒன்று வளர்ந்து, அதுவும் முதுமையடைந்தது. இழப்பு பழகிப்போனால் மனிதன் அதை இழப்பென்றே கருதுவதில்லை. ஒரு சமுதாயத்திற்கு நேரக்கூடிய மிகப் பெரிய சோதனை அதுதான்.

அந்தக் காலகட்டத்தில் ஹலபையும் திமிஷ்கையும் ஆண்டவர் நூருத்தீன் (ரஹ்). ஹிஜ்ரி 564-இல், அதாவது கி.பி. 1168-69-இல், அவர் ஹலபின் தலைசிறந்த தச்சர்களிடம் ஒரு மிம்பரைச் செய்யப் பணித்தார். அது ஹலபின் பள்ளிக்காகவோ திமிஷ்கின் பள்ளிக்காகவோ கேட்கப்பட்டதன்று. பைத்துல் முகத்தஸில் வைப்பதற்காக என்று அவர் கூறியதாக வரலாற்றாசிரியர் இப்னுல் அஸீர் (ரஹ்) தம் ‘அல்காமில்’ நூலில் பதிவு செய்கிறார். அப்போது அந்நகரம் பிறர் கையில் சென்று எழுபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

வாசகர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். வீட்டுக்குச் சொந்தக்காரர் பூட்டுக்குத் திறவுகோல் செய்வது இயல்பு. வீடே கைவிட்டுப் போன நிலையில் அதன் கூடத்துக்கு அளவெடுத்துப் பொருள் செய்பவரை உலகம் என்னவென்று சொல்லும்? ஆனால் முஃமினின் கணக்கு வேறு. கியாமத் நெருங்கிவிட்ட வேளையிலும் கையில் இருக்கும் கன்றை நட்டுவிடுமாறு பணித்த நபியின் உம்மத்தல்லவா நாம்!

தச்சர்களின் கைவண்ணம்

அந்த மிம்பர் ஏறத்தாழ ஆறு மீட்டர் உயரம் கொண்டது. மரத்தில் தந்தமும் முத்துச்சிப்பியும் பதிக்கப்பட்டிருந்தன. பக்கங்கள் முழுவதும் நட்சத்திரங்களும் பல கோணங்களும் ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பதுபோல் விரிந்து சென்றன. ஆயிரக்கணக்கான சிறு மரத்துண்டுகளை ஆணியோ பசையோ இன்றி ஒன்றுக்குள் ஒன்று கோத்து அதை அமைத்திருந்தனர்.

இந்த முறைக்கு ஒரு காரணம் உண்டு. மரம் வெயிலில் சுருங்கும், ஈரத்தில் விரியும். பெரிய பலகையை ஆணியடித்து இறுக்கினால் சில ஆண்டுகளில் அது வெடித்துவிடும். சிறு துண்டுகளில் காடி வெட்டி, நாக்கு வைத்துக் கோத்தால், ஒவ்வொரு துண்டும் தனக்குரிய இடத்தில் சற்றே அசைய இடம் கிடைக்கும். முழு அமைப்பும் குலையாமல் நிற்கும். அரபு மொழியில் இதற்கு ‘தஃஷீக்’ என்று பெயர். காதலைக் குறிக்கும் ‘இஷ்க்’ என்ற சொல்லின் வேரிலிருந்தே இந்தச் சொல்லும் பிறக்கிறது. ஒன்றையொன்று தழுவி நிற்கும் துண்டுகளுக்கு வேறு எந்தப் பெயர் பொருந்தும்! ஒரு ஜமாஅத்தும் இப்படித்தான் நிலைக்கிறது. அடித்து இறுக்கப்பட்ட ஒற்றுமை வெடிக்கும். ஒவ்வொருவருக்கும் உரிய இடம் கொடுத்துக் கோக்கப்பட்ட ஒற்றுமை தலைமுறைகளைக் கடந்து நிற்கும்.

மிம்பரில் பொறிக்கப்பட்டிருந்த எழுத்துகளில் சுல்தானின் பெயர் இருந்தது. அவர் அல்லாஹ்வின் அருள்மீது தேவையுடைய ஓர் அடியாராகவே அதில் அறிமுகப்படுத்தப்படுகிறார். பட்டங்கள் அதன் பிறகே வருகின்றன. செய்த தச்சர்களின் பெயர்களும் அதே மரத்தில் இடம்பெற்றன. ஹுமைத் இப்னு ளாஃபிர், ஸல்மான் இப்னு மஆலீ, அபுல் ஹஸன், ஃபளாயில் ஆகியோர் அவர்கள். போர்க்களத்தில் வாளெடுத்தவர்களைப் பற்றி ஆயிரம் பக்கங்கள் உண்டு. உளியெடுத்த இவர்களைப் பற்றி இந்தப் பெயர்களைத் தவிர நமக்கு அதிகம் கிடைக்கவில்லை. ஆனால் மலக்குகளின் ஏட்டில் உழைத்தவரின் ஓர் அணுவளவும் விடுபடாது.

ஆசையும் நிய்யத்தும்

இங்கே நாம் ஆழ்ந்து நோக்க வேண்டிய ஒன்று உண்டு. பைத்துல் முகத்தஸ் மீள வேண்டும் என்ற ஆசை அன்று எல்லா முஸ்லிம்களின் உள்ளத்திலும் இருந்தது. நூருத்தீன் (ரஹ்) அவர்களிடம் இருந்தது நிய்யத். ஒரு செயலோடு இணைந்து நிற்கும் மனவுறுதியையே நம் ஃபிக்ஹ் இமாம்கள் நிய்யத் என்று விளக்குகிறார்கள். செயலைத் தொடாத எண்ணம் வெறும் விருப்பமாகவே நின்றுவிடும்.

அவர் மிம்பருக்கு ஆணையிட்டுவிட்டு ஓய்ந்திருக்கவில்லை. பிரிந்து கிடந்த ஷாம் தேசத்து நகரங்களை ஒன்றிணைத்தார். 1154-இல் திமிஷ்க் அவர் ஆட்சியின் கீழ் வந்தது. அங்கே ‘பீமாரிஸ்தான் நூரி’ என்ற மருத்துவமனையை நிறுவினார். அதன் கட்டடம் இன்றளவும் நிற்கிறது. ஹதீஸ் கல்விக்கென்றே ‘தாருல் ஹதீஸ்’ ஒன்றை அமைத்தார். மாபெரும் முஹத்திஸ் இப்னு அஸாகிர் (ரஹ்) அங்கே பாடம் நடத்தினார்கள். மக்களின் முறையீடுகளைக் கேட்க நீதிமன்றம் கண்டார். மருத்துவமனை, மதரஸா, நீதி, ஒற்றுமை ஆகிய அனைத்தும் அந்த மிம்பரின் படிகளே எனலாம். இவற்றை விட்டுவிட்டு மிம்பரை மட்டும் ஒரு கராமத்தாகப் பேசுவது அந்த மாமனிதருக்கு நாம் செய்யும் நீதியாகாது.

1174 மே மாதம் நூருத்தீன் (ரஹ்) திமிஷ்கில் வஃபாத்தானார்கள். மிம்பர் ஹலபிலேயே இருந்தது. அதன்மீது ஏறி ஒரு குத்பா நிகழ்வதை அவர்களின் கண்கள் காணவில்லை.

அவர்களுடைய நிய்யத் வீணாயிற்றா? ஸஹீஹுல் புகாரியின் முதல் ஹதீஸே நிய்யத்தைப் பற்றியது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஒரு நன்மையைச் செய்ய உறுதிகொண்டு, அது கைகூடாமல் போனவருக்கும் முழு நன்மை எழுதப்படுகிறது என்பதும் நபிமொழியே. நபி மூஸா (அலை) அவர்கள் தம் சமூகத்தைப் புனித பூமியை நோக்கி வழிநடத்தினார்கள். ஆனால் அதனுள் நுழையும் முன்பே அவர்களின் அஜல் வந்தது. ஒரு கல்லெறியும் தொலைவுக்காவது அதன் அருகில் தம்மைக் கொண்டு சேர்க்குமாறு அல்லாஹ்விடம் வேண்டினார்கள். நபிமார்களுக்கே பயணத்தின் முடிவு இந்த உலகில் காட்டப்பட வேண்டும் என்ற நியதி இல்லை. நமக்கு ஏன் இருக்க வேண்டும்?

மிம்பர் வந்து சேர்ந்தது

நூருத்தீன் (ரஹ்) அவர்களின் படைத்தலைவர்களுள் ஒருவரின் சகோதரர் மகனாக எகிப்துக்குச் சென்றவர் ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்). ஹலப் நகரம் 1183-இல் அவர் வசமானது. ஹிஜ்ரி 583 ரஜப் 27, அதாவது 1187 அக்டோபர் 2-ஆம் நாள், 88 ஆண்டுகளுக்குப் பின் பைத்துல் முகத்தஸ் மீண்டது. 1099-இல் நிகழ்ந்ததுபோன்ற படுகொலை இப்போது நிகழவில்லை. நகரத்தார் மீட்புத்தொகை செலுத்தி வெளியேற அனுமதிக்கப்பட்டனர். செலுத்த இயலாத ஏழைகள் பலரும் விடுவிக்கப்பட்டனர்.

அக்ஸா தூய்மை செய்யப்பட்டது. மறைக்கப்பட்டிருந்த மிஹ்ராப் வெளிக்கொணரப்பட்டது. ஷஃபான் 4-ஆம் நாள் வெள்ளிக்கிழமையன்று காழி முஹ்யித்தீன் இப்னுஸ் ஸகீ (ரஹ்) அவர்கள் குத்பா நிகழ்த்தினார்கள்.

பிறகு, பள்ளிக்கு ஒரு மிம்பர் செய்யுமாறு ஸலாஹுத்தீன் (ரஹ்) ஆணையிட்டார்கள். அப்போதுதான், நூருத்தீன் அவர்கள் இதற்கென்றே செய்துவைத்த மிம்பர் ஹலபில் இருக்கிறது என்ற செய்தி அவர்களிடம் தெரிவிக்கப்பட்டது. உடனே அது கொண்டுவரப்பட்டு அக்ஸாவில் நிறுத்தப்பட்டது. பொறிப்பில் உள்ள ஆண்டுக்கும் வெற்றியின் ஆண்டுக்கும் இடையே ஹிஜ்ரிக் கணக்கில் 19 ஆண்டுகள். இப்னுல் அஸீர் (ரஹ்) இதை நூருத்தீன் அவர்களின் நல்ல நிய்யத்துக்குக் கிடைத்த பலனாகவே எழுதுகிறார்.

ஸலாஹுத்தீன் (ரஹ்) அவர்களின் பெருந்தன்மையையும் இங்கே கவனியுங்கள். வெற்றி பெற்ற சுல்தான் தம் பெயரில் புதிதாக ஒரு மிம்பரை நிறுத்தியிருக்கலாம். மறைந்த மனிதரின் பெயர் பொறித்த மிம்பரை வரவழைத்து, அவருடைய நிய்யத்தை நிறைவேற்றி வைத்தார்கள். நம்மில் எத்தனை பள்ளிகளில், முந்தைய நிர்வாகம் தொடங்கிய நற்பணி, அவர்கள் தொடங்கியது என்ற ஒரே காரணத்துக்காகக் கைவிடப்படுகிறது!

1969 ஆகஸ்ட் 21

அந்த மிம்பரின் மீது நூற்றாண்டுகள் கடந்தன. அய்யூபிகள், மம்லூக்கள், உஸ்மானியர்கள் என ஆட்சிகள் மாறின. மிம்பர் நின்றது. 1967-இல் கிழக்கு ஜெரூசலம் இஸ்ரேலின் ஆக்கிரமிப்புக்குள் சென்றது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1969 ஆகஸ்ட் 21, வியாழக்கிழமை காலையில் அக்ஸாவில் தீ எழுந்தது. பள்ளியின் தென்கிழக்குப் பகுதியும் கூரையின் ஒரு பகுதியும் சேதமடைந்தன. நூருத்தீன் (ரஹ்) அவர்களின் மிம்பர் ஏறத்தாழ முழுவதுமாக எரிந்தது. கருகி எஞ்சிய சில துண்டுகள் ஹரம் ஷரீஃப் வளாகத்தில் உள்ள இஸ்லாமிய அருங்காட்சியகத்தில் சேர்க்கப்பட்டன.

தீ வைத்தவர் டெனிஸ் மைக்கேல் ரோஹன் என்ற 28 வயது ஆஸ்திரேலியர். அவரை யூதர் என்று சொல்வோர் நம்மிடையே உண்டு. அவர் ஒரு கிறித்தவப் பிரிவின் போதனைகளைப் பின்பற்றியவர். அக்ஸாவை அழித்தால் மஸீஹின் வருகை விரைவுபடும் என்று நம்பியவர். விசாரணையில் மனநோயாளி எனத் தீர்மானிக்கப்பட்டு மருத்துவமனையில் வைக்கப்பட்டார். 1974-இல் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டு, 1995-இல் இறந்தார். பள்ளியைக் காக்கும் பொறுப்பு ஆக்கிரமித்தவர்களுக்கு இருந்தது என்பதில் ஐயமில்லை. ஐ.நா. பாதுகாப்பு அவை செப்டம்பர் 15-ஆம் நாள் 271-ஆம் தீர்மானத்தின் மூலம் இந்நிகழ்வு குறித்துத் தன் வேதனையைப் பதிவு செய்தது. அதே மாதம் ரபாத்தில் முஸ்லிம் நாடுகளின் தலைவர்கள் கூடினர்; இஸ்லாமிய மாநாட்டு அமைப்பு அதிலிருந்தே பிறந்தது.

இந்த விவரத்தை இங்கே எழுதக் காரணம் உண்டு. வந்த செய்தியைத் தீர விசாரிக்குமாறு ஸூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுகிறது. எரிந்துபோன ஒரு மிம்பரைப் பற்றி மற்றொரு மிம்பரில் நின்று பேசும்போது, கோபம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், உண்மைக்கு மாறான ஒரு சொல்லைக்கூட நாம் சேர்க்கலாகாது. தீ மரத்தை அழிக்கும். மிம்பரின் கண்ணியத்தை அழிப்பது பொய்தான்.

மீண்டும் செய்வது எளிதாக இல்லை

‘எரிந்தால் என்ன, அதேபோல் ஒன்று செய்துவிடலாம்’ என்றே உலகம் எண்ணியது. செய்ய முற்பட்டபோதுதான் இழப்பின் ஆழம் தெரிந்தது. வழிகாட்டியாகக் கையில் இருந்தவை பெரும்பாலும் பழைய புகைப்படங்களும் கருகிய துண்டுகளுமே. அந்த நட்சத்திரக் கோலங்களின் கணிதம் தச்சரிடமிருந்து சீடருக்குக் கைவழியாக வந்தது. அந்தச் சங்கிலி எப்போதோ அறுந்துபோயிருந்தது.

ஜோர்தான் அரசு இப்பொறுப்பை ஏற்றது. மின்வர் அல்முஹைத் என்ற பொறியாளர் பழைய படங்களை நுணுகி ஆராய்ந்து, கோலங்களின் அளவு விதிகளை மீட்டெடுத்தார். ஜோர்தானின் ஸல்த் நகரில் உள்ள அல்பல்கா பல்கலைக்கழகத்தில் துருக்கி, இந்தோனேசியா உள்ளிட்ட நாடுகளின் கைவினைஞர்கள் கூடி, பழைய முறைப்படியே துண்டு துண்டாகக் கோத்தனர். 2007-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புதிய மிம்பர் அக்ஸாவில் நிறுத்தப்பட்டது. தீ சில மணி நேரத்தில் அழித்ததை மீட்க 37 ஆண்டுகளுக்கும் மேலாயிற்று.

நமக்குரிய பாடம்

அன்புச் சகோதர, சகோதரிகளே! மரம் எரியக்கூடியதே. மதீனாவில் ஹிஜ்ரி 654-இல் ஒரு பணியாளரின் விளக்கிலிருந்து பரவிய தீயில் மஸ்ஜிதுந் நபவீ எரிந்தது; அங்கிருந்த மிம்பரும் எரிந்தது. இன்று அங்கே நாம் காணும் மிம்பர் ஹிஜ்ரி 998-இல் உஸ்மானிய சுல்தான் மூன்றாம் முராத் அனுப்பியது. அண்ணலாரின் பள்ளி மிம்பரே எரிந்த பின்பும் ஜும்ஆ நிற்கவில்லை, ஸுன்னத் எரியவில்லை. ஆகவே பொருளை வழிபடும் மனப்பான்மை நமக்கு வேண்டியதில்லை.

ஆனால் பொருளை அலட்சியப்படுத்தும் உரிமையும் நமக்கில்லை. வக்ஃபாக விடப்பட்ட ஒவ்வொன்றும் அமானத். நம் கடற்கரை ஊர்களின் பழைய பள்ளிகளில் கல் தூண்களும், எழுத்துப் பொறிப்புகளும், மர மிம்பர்களும் இருக்கின்றன. பழைய வீடுகளின் பரண்களில் அரபுத் தமிழ்க் கையெழுத்துப் பிரதிகள் இருக்கின்றன. புதுப்பிக்கும் பணி தொடங்கும்போது பளிங்கின் மீதுள்ள மோகத்தில் இவை உடைக்கப்படுவதும் விறகுக்குப் போவதும் கூடாது. மாற்றியே தீர வேண்டும் என்றால், முதலில் புகைப்படம் எடுங்கள். அளவெடுத்து வரைந்து வையுங்கள். பொறிப்புகளை அறிந்தவர்களைக் கொண்டு படித்து எழுதி வையுங்கள். வக்ஃப் செய்தவரின் பெயரையும் செய்தவரின் பெயரையும் பள்ளியின் பதிவேட்டில் ஏற்றுங்கள். அக்ஸாவின் மிம்பருக்கு முழுமையான அளவு வரைபடம் கையில் இருந்திருந்தால் எத்தனை ஆண்டுகள் மிஞ்சியிருக்கும்!

இதனினும் மேலாக, பலன் தம் காலத்தில் கிடைக்குமா என்று பாராமல் தொடங்கும் உள்ளத்தை நாம் நம் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். பத்து மாணவர்களோடு தொடங்கும் மக்தப், நூறு நூல்களோடு தொடங்கும் நூலகம், ஏழை மாணவருக்கான ஒரு கல்வி நிதி ஆகியவை நம் கண்முன் முழுமை பெறாமல் போகலாம். செய்து வையுங்கள். நூருத்தீன் (ரஹ்) மிம்பரைச் செய்து வைத்தார். வேறொருவர் அதைக் கொண்டுபோய் நிறுத்தினார். எண்ணற்ற கதீபுகள் அதில் ஏறினர். இறுதியில் அது எரிந்தும் போனது. இவற்றில் எதுவும் அவருடைய கூலியைக் குறைத்திருக்காது. ஏனெனில் அவர் எவனுக்காகச் செய்தாரோ அவன் அழிவற்றவன்.

வல்ல அல்லாஹ் நம் நிய்யத்துகளைத் தூய்மையாக்குவானாக! அவற்றைச் செயலோடு இணைக்கும் தவ்ஃபீக்கைத் தருவானாக! நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத்துகளைப் பேணிக் காப்பவர்களாகவும், மிம்பர்களில் உண்மையை மட்டுமே உரைப்பவர்களாகவும் நம்மை ஆக்கியருள்வானாக! பைத்துல் முகத்தஸையும் அதில் வாழும் மக்களையும் அவன் தன் பாதுகாப்பில் வைப்பானாக! ஆமீன்.